கல்யாணமா, கடையா, கேட்டலாகா, திருவிழாவா: மதுரையில் கேமராவை நம்பிப் பிழைக்க எது தோது?

அக்கா மகன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டு, கையில் புது மிரர்லெஸ் கேமராவோடு நிற்கிறான். "மாமா, எந்த லைன்ல போனா செட்டாகும்?" என்பது அவன் கேள்வி. நான் 2003இல் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கப் போனவன். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பந்தி முழுக்க நடந்திருக்கிறேன். கண் கூசுகிறது என்று சாப்பிடுகிறவர்கள் திட்டுவார்கள், வெளிச்சம் பத்தவில்லை என்று கேமராக்காரர் திட்டுவார். அப்புறம் கல்யாணம், சொந்த போட்டோக் கடை, துணிக்கடைகளுக்குக் கேட்டலாக் (விற்கிற பொருளைப் படமெடுத்துக் கொடுப்பது), திருவிழா என்று நான்கையும் பார்த்தாயிற்று.

ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் பையன் கணக்குப் போடுகிறான். அப்படிப் பார்த்தால் கல்யாணம் ஜெயித்துவிடும், பேச்சே இல்லை. ஆனால் நான் பார்க்கிற கணக்கு வேறு. காசு எப்போது கைக்கு வருகிறது? உடம்பும் கேமராவும் என்ன பாடு படுகின்றன? எடுத்த படம் கடைசியில் யாருக்குச் சொந்தம்?

ஒரு பெரிய முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் போய் நின்று பாருங்கள். ஒரு ஜோடி மாலையோடு இறங்குவதற்குள் அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் எங்கள் ஆட்கள் மூன்று நான்கு பேர். மண்டபத்துக் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலமே ரிசப்ஷன். ராத்திரி பதினொன்றரை வரை மேடையில் வரிசை நகரும். காலை நாலரைக்கு மறுபடி பெண் அறை வாசலில் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் முக்கியமான நேரம் பத்துப் பதினைந்து விநாடிதான். கெட்டிமேளம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்கினால் காரியம் கெட்டது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கும்போதே இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு சித்தப்பா செல்போனோடு குறுக்கே வருவார். அவரைத் திட்டவும் முடியாது, மிச்சக் காசு அவர் பையில் இருந்தாலும் இருக்கும். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது, அவர் கை மாப்பிள்ளை முகத்தை மறைத்துவிடும். அதனால் நேர் எதிரே ஒரு கேமரா, பெண்ணுக்குப் பக்கவாட்டில் இன்னொன்று. ஹோமப் புகைக்குள் நேராக ஃபிளாஷ் அடித்தால் கொசுவலைக்குப் பின்னால் நின்று எடுத்தது மாதிரி வெளுத்துப் போகும். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சித்தப்பாவைத் தோளைத் தொட்டு நகர்த்துகிற பக்குவம் மட்டும் பத்துக் கல்யாணம் பார்த்தால்தான் வரும்.

கருவி விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2011இல் ஒரு காதுகுத்து விசேஷம். கேமராவில் இருந்த ஒரே மெமரி கார்டு செத்துப்போனது. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வாரம் அதே மாமனை அதே வேட்டி சட்டையில் வரவழைத்து, பிள்ளையை மடியில் வைத்து மறுபடி எடுத்தோம். பிள்ளைக்கு மொட்டை, சந்தனம் எல்லாம் சரியாக அமைந்தது. காதில் கம்மல் மட்டும் ஏற்கெனவே இருந்தது. அந்த ஆல்பத்தை இன்றைக்கும் அந்த வீட்டில் எடுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதிலிருந்து இரண்டு கார்டு போடும் வசதி இல்லாத கேமராவை நான் விசேஷத்துக்குக் கொண்டுபோவதில்லை.

சரி, காசு எப்போது வருகிறது? முன்பணம் ஒரு பங்கு, விசேஷத்தன்று ஒரு பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. கோளாறே அந்த மீதியில்தான். மூவாயிரம் படத்திலிருந்து நூற்றைம்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று ஜோடியிடம் கேட்போம். "இந்த ஞாயித்துக்கிழமை உட்கார்ந்துடுறோம்ணே" என்பார்கள். பிறகு பெங்களூர் போய்விடுவார்கள். வளைகாப்புக்குத் தேதி சொல்லக் கூப்பிடும்போதுதான் "அண்ணே, அந்த ஆல்பம்..." என்று ஆரம்பிப்பார்கள். 12க்கு 36 அங்குல ஷீட்டு ஆல்பம் டிசைன் முடிந்து லேபுக்குப் போகாமல், என்னிடம் எப்போதும் ஐந்தாறு கல்யாணம் நிற்கும். அதுவரை அந்தப் படங்களை எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக் காக்க வேண்டியதும் நான்தான். கேமரா சுருக்காமல் அப்படியே பதிவு செய்கிற ரா ஃபைல் மூவாயிரம் என்றாலே நூறு ஜிபியைத் தொடும். அதை இரண்டு பிரதியாக வைக்க வேண்டும். இந்தச் செலவை யாரும் பேக்கேஜில் எழுதுவதில்லை.

போதாததற்கு ஆடி, புரட்டாசி, மார்கழி என்று வருஷத்தில் மூன்று மாதம் கல்யாண வேலை படுத்துவிடும். கேமராவுக்கு வாங்கிய கடனின் மாதத் தவணைக்கு ஆடி, மார்கழி எல்லாம் தெரியாது.

இன்னொன்று, பையன்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அப்படியென்றால் இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்டுப் பெருமைப்படும் மணப்பெண் படம் உங்களுடையது அல்ல. புக்கிங் தாளிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

கல்யாணத்துக்கு நேர் எதிர் கடை. மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் என் கடை, பத்துக்குப் பதினெட்டு அடி. பாஸ்போர்ட் சைஸ் எட்டுப் படம் ஒரு 4க்கு 6 தாளில் அடங்கிவிடும். கையில் கிடைப்பது நூறு ரூபாய்க்குள். ஆனால் படம் எடுத்தவர் காசு கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவார். பாக்கி என்ற சொல்லே கிடையாது.

"கடையெல்லாம் செத்துப்போச்சு மாமா" என்கிறான் மருமகன். பாதி உண்மைதான். பாஸ்போர்ட்டுக்கு சேவா கேந்திராவிலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆதாருக்கும் அப்படித்தான். ஆனாலும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் கூட்டம் வரும். பரீட்சை விண்ணப்பத்துக்கு இத்தனை கேபிக்குள் படம் வேண்டும் என்று பிள்ளைகள் செல்போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். அமெரிக்க விசாவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது. போனில் எடுத்து ஒரு தடவை நிராகரிக்கப்பட்டவர் மறுநாள் என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் மதுரைக்கே உரிய வேலை ஒன்று உண்டு, ஃப்ளெக்ஸ். சடங்கு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கட்சிப் பிறந்தநாள் என்று எதற்கும் பேனர் வைக்காத தெரு இங்கே கிடையாது. பேனரில் முகம் போட வேண்டிய மாமன் மச்சான் எல்லோரும் வரிசையாக வந்து, கூலிங் கிளாஸோடு ஒன்று, கைகூப்பி ஒன்று என்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும். இறந்தவருக்குத் தனியாக ஒரு படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணக் கும்பலில், ஓரத்தில், பாதித் தோள் மறைந்து நிற்பார். இல்லையென்றால் தபால் தலை அளவில் வாக்காளர் அட்டைப் படம். அதிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, அழுக்கு நீக்கி, சட்டைக் காலரைச் சரிசெய்து, காலை ஆறு மணிக்குள் போஸ்டருக்கு ஃபைலும் பெரிய ஃபிரேமும் தயாராக வேண்டும். இதில் பேரம் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை. நானும் கூடுதலாகக் கேட்டதில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கொட்டேஷன் கேட்காமலே கூப்பிடுவார்கள். எனக்கு வந்த கல்யாணங்களில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்ததைவிட இந்த ஃபிரேம்கள் கொண்டுவந்ததுதான் அதிகம்.

கடையின் தொல்லை என்னவென்றால், உட்கார வேண்டும். வாடகை, மின்சாரம், யாராவது வருவார்களா என்ற காத்திருப்பு. நாற்காலியிலேயே முதுகு கூனிவிடும். கல்யாணக்காரனுக்குத் தோள்பட்டை போகும், கடைக்காரனுக்கு இடுப்பு.

கேட்டலாக் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி அறை, நின்ற இடத்தில் வேலை, சாயங்காலம் வீடு. எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலை 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தப் புள்ளிகளும் சாயமும் திரையில் அப்படியே தெரிய வேண்டும். அரக்கு, மயில்கழுத்து நிறங்கள்தான் எமன். டியூப் லைட்டும் எல்இடியும் கலந்த வெளிச்சத்தில் எடுத்தால் கலர் மாறும், வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்புவார், கடைக்காரர் நம்மைப் பார்ப்பார். முதல் படத்தில் நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொண்டால் பாதித் தலைவலி இல்லை. அமேசானுக்கு என்றால் முகப்புப் படத்தில் பின்னணி சுத்த வெள்ளை, படச்சட்டத்தில் 85 சதவீதம் பொருள் நிறைய வேண்டும். பில் கொடுத்து முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பணம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, வாங்கும் கூலியில் 18 சதவீதம் வரி. இப்போது மாடலும் வேண்டாம், லைட்டும் வேண்டாம், சேலையை மட்டும் படமெடுத்துக் கொடு, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும் என்கிறார்கள். இந்த லைனை மட்டுமே நம்பி இறங்காதே என்று சொல்லிவிட்டேன்.

திருவிழா? காசு பார்க்க முடியாது, ஆனால் விடவும் முடியாது. சித்திரைத் திருவிழாவில், தல்லாகுளத்தில் அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்த ராத்திரி யாரும் தூங்குவதில்லை. அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு வரும்போது வானம் முழுசாக வெளுத்திருக்காது. அழகர் உடுத்தியிருப்பது பச்சைப் பட்டா என்று கூட்டம் எட்டிப் பார்க்கும், நான் கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 6400க்கு ஏற்றிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் தோல் பையில் தண்ணீர் கட்டிக்கொண்டு பீய்ச்சும் பக்தர் நம் லென்ஸ் எத்தனை லட்சம் என்று விசாரிக்க மாட்டார். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்டு, உள்ளே ஒரு காய்ந்த துண்டு, இவை இல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்கு எதிரே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெதுவாக ஷட்டர் வைத்தால் காளை வெறும் கோடாகத் தெரியும். புழுதி வேறு சென்சார் வரை போகும். அந்தச் சுத்தம் செய்யும் செலவும் நம்முடையது. பத்திரிகைக்குத் தனிப் படமாகக் கொடுத்தால் கிடைப்பது பெட்ரோலுக்குச் சரியாகப் போகும்.

ஆனால் யாரும் கூலி கொடுக்காமல் நானாகப் போய் எடுத்த இந்தப் படங்கள் மட்டும்தான் சட்டப்படி என்னுடையவை, என் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும். உரிமை இருந்து என்ன செய்ய? ஒரு தை மாதம் மளிகைக் கடையில் ஓசிக் காலண்டர் கொடுத்தார்கள். பிரித்தால் என் அழகர்! ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டியிருந்தார்கள். நன்றாகவே அச்சடித்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுக்க அது என் கடையிலேயே தொங்கியது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். இரண்டு வருஷம் கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராவாகப் போ, கூடவே கடையில் உட்கார். கல்யாணம் இல்லாத மாதத்தில் கேட்டலாக் வந்தால் எடு. சித்திரைக்கும் தைக்கும் உன் காசில் போ. கடை என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் ஆடியில் வேறு வேலை இல்லாததால் வந்து உட்கார்ந்தான்.

இரண்டாம் வாரம், மேலூர்ப் பக்கமிருந்து ஒருவர் அப்பாவின் படத்தோடு வந்தார். நிச்சயதார்த்தத்தில் எடுத்த குரூப் போட்டோ. இவன் முகத்தைப் பெரிதாக்கி, பின்னணியை எடுத்துவிட்டு, தோளில் கிடந்த வேறு யாருடைய கையையோ அழிக்கத் தொடங்கினான். பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, அது என் கைதான்" என்றார். இவன் மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். போஸ்டருக்குக் கை இல்லாமல் ஒன்று, வீட்டு ஃபிரேமுக்குக் கையோடு ஒன்று என்று போடச் சொன்னேன். இரண்டாவதுக்கு அவன் காசு வாங்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.