தோட்டத்து மருத்துவமாதா, டவுனில் சனல் செய்யும் டாக்டரா?

பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்கள் எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் வீடு தேடி வரும் அரசாங்க மருத்துவமாதுவின் பக்கம். மகனைச் சுமந்தபோது அவரிடம்தான் பதிந்தேன். ஹட்டனில் மகப்பேற்று நிபுணரைச் சனல் செய்து, அதாவது காசு கட்டித் தனியாரிடத்தில், பார்த்ததும் உண்டு.

செலவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஸ்கேன் பார்த்துச் சொல்வதில் நிபுணருக்கு ஈடில்லை. ஆனால் பிரசவத்தில் பெரிய வேறுபாடு வராது. இலங்கையில் 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் வைத்தியசாலைகளில்தான் நடக்கின்றன. சனல் செய்தவர்களிலும் பலர் வலி கண்டதும் டிக்கோயா கிளங்கன் அரசாங்க வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போகிறார்கள். அங்கே சுகப்பிரசவம் பார்ப்பவர்களும் பெரும்பாலும் மருத்துவமாதுக்களே.

கர்ப்பகாலத்தில் அவருடைய பலம், நம் வீட்டை அறிந்திருப்பது. இரும்புச்சத்து மாத்திரையை டாக்டரும் எழுதித் தருவார். அதை நாம் சாயத்தண்ணியோடு விழுங்குவோம் என்பது மருத்துவமாதுவுக்குத்தான் தெரியும். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச்சோகை மலிந்த தோட்டங்களில் இந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பிள்ளை பிறந்த பிறகு கிடைக்கும் கவனிப்பு. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பியதும் டாக்டரின் வேலை முடிந்துவிடுகிறது. தாய்க்கு ஆபத்தான நாட்கள் அதற்குப் பிறகும் இருக்கின்றன: காய்ச்சல், துர்நாற்றத்தோடு உதிரப்போக்கு, கண்ணை மங்கச் செய்யும் தலைவலி. மருத்துவமாது முதல் ஐந்து நாட்களுக்குள் ஒருமுறையும், 42ஆம் நாள்வரை மேலும் சில முறையும் வீடு தேடி வரவேண்டும் என்பது விதி. எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, மழையில் படியேறி வந்தார். மகனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெஞ்சுத் தோலை விரலால் அழுத்திவிட்டு மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தார். தையலைப் பார்த்தார். எனக்கு மார்க்காம்பு வெடித்திருந்தது. "காம்பை மட்டும் கவ்வவிடாதீங்க, கறுவட்டமும் வாய்க்குள்ள போகணும்" என்று பிள்ளையைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். பிள்ளைக்குச் சீனித்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த மாமியாரிடமும் பக்குவமாகப் பேசி அதை நிறுத்தினார். எந்தச் சனலிலும் இது கிடைக்காது.

குறை இல்லாமலில்லை. எங்களுக்கு வந்தவர் தமிழ் பேசினார். சிங்களம் மட்டும் தெரிந்தவர் வந்தால் கூச்சமான விஷயங்களைச் சொல்ல முடியாமல் பெண்கள் விழுங்கிக்கொள்கிறார்கள். பிரிவில் மருத்துவமாது இல்லாமல் இடம் காலியாகக் கிடந்தால் நான் சொன்ன எதுவும் நடக்காது. இன்னொன்று, என்னுடையது சிக்கலில்லாத கர்ப்பம். பிரஷர், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை என்றால் நிபுணர் கட்டாயம் வேண்டும். அந்த அனுபவம் எனக்கில்லை என்பதால் அதில் என் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களை மருத்துவமாதுவே வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பார்.

நாள் தள்ளினால், கர்ப்பத்தின் எட்டு வாரம் முடியுமுன் மருத்துவமாதுவிடம் பதிந்துவிடுங்கள். சனல் செய்தாலும், பதியும்போது தரும் கர்ப்பவதி அட்டையைக் கொண்டுபோய், டாக்டர் பார்த்ததை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நடுராத்திரியில் வலி எடுத்துப் போனால் வாட்டில் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.