யோக்கெரெஸா, ஷெஷ்கோவா: ஆர்சனலுக்கு எந்த ஸ்டிரைக்கர்?

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு, இந்திய நேரம் இரவு 9 மணிக்கு, லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் 2025-26 இங்கிலீஷ் பிரீமியர் லீக், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் அந்த அணியோடு தொடங்குகிறது. யாரை வாங்குவது என்று இந்தக் கோடை முழுக்க ஆர்சனல் ரசிகர்கள் கட்சி பிரிந்து வாதாடிய, கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட இரண்டு ஸ்டிரைக்கர்களும் எதிரெதிர் அணிகளில் இருப்பார்கள். விக்டர் யோக்கெரெஸ் நம் பக்கம், பெஞ்சமின் ஷெஷ்கோ அவர்கள் பக்கம். நான் முதலிலிருந்தே யோக்கெரெஸ் கட்சி. ஷெஷ்கோ சாதாரண ஆட்டக்காரர் அல்ல, இன்னும் நான்கு ஆண்டில் இருவரில் அவரே பெரிய பெயராக இருக்கலாம். ஆனால் இந்த ஆர்சனலிடம் இல்லாத ஒரு வேலையை, எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி ஓடும் வேலையை, செய்யக்கூடியவர் யோக்கெரெஸ். அலசல் முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். யோக்கெரெஸுக்கு 27 வயது, ஷெஷ்கோவுக்கு 22. ஷெஷ்கோ 195 செ.மீ. உயரம், இரண்டு காலாலும் அடிப்பார், பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்கு) வெளியிலிருந்தும் துணிந்து அடிப்பார். யோக்கெரெஸ் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 102 ஆட்டங்களில் 97 கோல், அதில் கடந்த சீசன் லீக்கில் மட்டும் 39. ஷெஷ்கோ லைப்ஸிக்குக்குக் கடந்த புண்டெஸ்லிகாவில் (ஜெர்மனி லீக்) 13, எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 21. போர்ச்சுகல் லீக்கும் ஜெர்மனி லீக்கும் ஒரே தரமல்ல என்பதால் 39-ஐயும் 13-ஐயும் நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை. 39-இல் கணிசமான பங்கு பெனால்டி. ஆர்சனலில் பெனால்டி அடிக்க சாகா, ஓடேகார்ட், ஹாவெர்ட்ஸ் என்று ஏற்கெனவே வரிசை நிற்கிறது, எனவே அந்த எண்ணைக் கழித்துவிட்டுத்தான் எதிர்பார்ப்பு வைக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடந்த சீசனை ஆர்சனல் தோற்றுக் கெடுத்துக்கொள்ளவில்லை. லீக்கின் 38 ஆட்டங்களில் தோல்வி நான்குதான், வாங்கிய கோல் 34-தான். கெடுத்தவை 14 டிராக்கள். லிவர்பூல் 84 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது, நாம் 74-இல் நின்றோம். ஐந்தே ஐந்து டிராக்கள் வெற்றியாகியிருந்தால் பத்துப் புள்ளி கூடி அதே 84. 2023-24-இல் 91 கோல் அடித்த அணி, கடந்த முறை 69-இல் நின்றுவிட்டது. அணியில் லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஹாவெர்ட்ஸ், அதுவும் ஒன்பதே. ஜனவரியில் ஸ்டிரைக்கர் ஜேசுஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பிப்ரவரியில் துபாய் முகாமில் ஹாவெர்ட்ஸின் தொடைப் பின்தசை போனது. அதன் பிறகு மிட்ஃபீல்டரான மெரினோவை முன்னால் நிறுத்தி ஓட்டினோம். லெஸ்டரில் அவர் இரண்டு கோல் அடித்துக் காப்பாற்றினார். அதைத் தொடர்ந்து வெஸ்ட் ஹாமிடம் சொந்த மைதானத்தில் 0-1, ஃபாரஸ்டில் 0-0, யுனைடெட்டில் 1-1. ஏப்ரலில் எவர்ட்டனோடு 1-1, பிரெண்ட்ஃபோர்டோடு 1-1.

இதையெல்லாம் காயத்தின் மேல் போட்டுவிடுவது எளிது. ஆனால் டிசம்பரில் நம் சொந்த மைதானமான எமிரேட்ஸில் எவர்ட்டனோடு 0-0 டிரா ஆனபோது ஹாவெர்ட்ஸ் களத்தில்தான் இருந்தார். ஆள் இருந்தபோதும் அதே கதைதான், ஏனென்றால் பிரச்சினை ஓட்டத்தில் இருக்கிறது. ஹாவெர்ட்ஸும் மெரினோவும் பந்தை நோக்கி வருகிறவர்கள். இறங்கி வந்து வாங்கி, தட்டிக் கொடுத்து, பிறகு பாக்ஸுக்குள் தாமதமாக நுழைவார்கள். அப்படி ஸ்டிரைக்கர் இறங்கும்போது எதிரணியின் நடுத் தடுப்பாளர்களான சென்டர் பேக் இருவருக்கும் கவலையே இல்லை. தங்கள் மிட்ஃபீல்டரிடம் ஆளை ஒப்படைத்துவிட்டு, தங்கள் தடுப்பு வரிசையை ஐந்து மீட்டர் முன்னால் ஏற்றிக்கொள்வார்கள். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கிவிடும். ஓடேகார்ட் வேலை செய்ய வேண்டிய இடமே அதுதான். அது அடைபட்டதும் பந்து வலப்பக்கம் சாகாவிடம் போகும், அவர் மேல் இரண்டு பேர் விழுவார்கள், பந்து பின்னால் திரும்பும். மறுபடி அதே சுற்று. கடந்த சீசன் டிராக்களில் திரும்பத் திரும்ப வந்த காட்சி இது.

யோக்கெரெஸ் ஓடுவது எதிர்த்திசையில். பந்து நம் மிட்ஃபீல்டரிடம் வந்ததும் அவர் சென்டர் பேக்குக்கும் ரைட் பேக்குக்கும் நடுவிலுள்ள இடது சந்தில் கிளம்பிவிடுவார். பந்து வந்தால் தோளைக் கொடுத்து டிஃபெண்டரை ஒதுக்கி, வலது காலுக்கு உள்ளே வெட்டி அடிப்பார். 2024 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை ஸ்போர்ட்டிங் 4-1 என்று வென்றபோது அவர் அடித்த மூன்றில் இரண்டு பெனால்டி. முதல் கோல்தான் பார்க்க வேண்டியது. நடுக்களத்திலிருந்து ஒரு பாஸ், பின்வரிசையைத் தாண்டி ஒரு ஓட்டம், சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்கு மேலே ஒரு தூக்கு. பந்து வராவிட்டாலும் அந்த ஓட்டம் வீணில்லை. இருபது முறை ஓடி மூன்று முறைதான் பந்து கிடைத்தாலும், மீதிப் பதினேழு முறையும் சென்டர் பேக் பின்னால் போயே ஆக வேண்டும். அவர் பின்னால் போனால் முன்னால் ஓடேகார்டுக்கு இடம் திறக்கும்.

“எல்லாரும் பாக்ஸிலேயே பத்துப் பேரை நிறுத்துகிறார்கள், பின்னால் இடம் ஏது?” என்பது ஷெஷ்கோ கட்சியின் வலுவான கேள்வி. உண்மைதான், எவர்ட்டன் போன்ற அணி தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஓட இடம் கிடையாது. ஆனால் எந்த அணியாலும் 90 நிமிடமும் அங்கேயே நிற்க முடியாது. ஒவ்வொரு முறை பந்தை உதைத்து வெளியேற்றியதும் மொத்த வரிசையும் பத்துப் பதினைந்து மீட்டர் மேலே ஏறும். அந்தப் பந்தை நாம் வென்ற முதல் நான்கைந்து நொடிதான் வாசல். கடந்த சீசனில் அந்த நொடிகளில் கிளம்ப ஆளில்லாததால் நடுக்களத்தில் ரைஸும் பார்ட்டேயும் பந்தைப் பக்கவாட்டில் தட்டி, எதிரணி மறுபடி இறங்கி உட்கார நேரம் கொடுத்தார்கள். இப்போது பார்ட்டே போய், ரியல் சோசியடாடிலிருந்து சுபிமெண்டி வந்திருக்கிறார். முதல் தொடுதலிலேயே முன்னால் பார்க்கிறவர். ஆகஸ்ட் 9 அன்று அத்லெட்டிக் பில்பாவோவை 3-0 வென்ற ஆட்டத்தில் யோக்கெரெஸின் முதல் ஆர்சனல் கோலுக்குப் பந்தைத் தூக்கி வைத்தவரும் அவரே.

ஷெஷ்கோவும் பின்னால் ஓடுகிறவர்தானே என்று கேட்கலாம். ஓடுவார், நல்ல வேகத்தோடு ஓடுவார். ஆனால் அவரிடம் கூடுதலாகக் கிடைப்பவை உயரமும் தாவலும் தலையும். அந்தச் சரக்கு ஆர்சனலில் நிறைய இருக்கிறது. ஹாவெர்ட்ஸ் 193 செ.மீ. கார்னருக்கு காப்ரியேல், சலீபா, மெரினோ என்று ஒரு படையே உண்டு, அதை நிக்கோலா ஜோவர் பயிற்றுவிக்கிறார். உடலைக் கொடுத்து, முதுகைக் காட்டி, டிஃபெண்டரோடு மல்லுக்கு நிற்பதில் ஷெஷ்கோ இன்னும் வளர வேண்டியவர். 27 வயதுக்காரரிடம் அந்த முரட்டுத்தனம் தயாராக இருக்கிறது. இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் கோவென்ட்ரிக்கு 2021-22-இல் 17, 2022-23-இல் 21 கோல் அடித்தவருக்கு இந்த நாட்டு சென்டர் பேக்குகளின் முழங்கை புதிதல்ல. அதோடு, ஸ்போர்ட்டிங்கில் அவரை வளர்த்த ரூபென் அமோரிம் 2024 நவம்பரில் யுனைடெட்டுக்குப் போன பிறகும் கோல் நிற்கவில்லை. பயிற்சியாளர் இருமுறை மாறிய சீசனில் ஸ்போர்ட்டிங் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஆக, ஒரே பயிற்சியாளரின் திட்டத்தில் மட்டும் பிழைக்கிற ஆட்டக்காரர் அல்ல.

பணக் கணக்கில் ஷெஷ்கோவே மேல், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யுனைடெட் கொடுத்தது 7.65 கோடி யூரோ, மேற்கொண்டு 85 இலட்சம் வரை போகலாம். ஆர்சனல் கொடுத்தது ஏறக்குறைய ஆறரைக் கோடி, அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு கோடி வரை போகலாம். ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1.53 கோடிக்கும் 1.3 கோடிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை. பெரிய வித்தியாசம் விற்கும்போது வரும். ஒப்பந்தம் முடியும்போது ஷெஷ்கோவுக்கு 27, யோக்கெரெஸுக்கு 32. ஷெஷ்கோவை நடுவில் விற்றால் போட்ட காசு திரும்பலாம், யோக்கெரெஸை விற்று எதுவும் வராது என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் மூன்று ஆண்டு தொடர்ந்து இரண்டாமிடம் வந்து, 2004-க்குப் பிறகு லீக்கையே தொடாத அணி மறுவிற்பனை மதிப்பை முதலில் பார்க்கக் கூடாது. காப்ரியேல், சலீபா, ரைஸ், ஓடேகார்ட் எல்லாரும் இப்போது உச்சத்தில் இருக்கிறார்கள். ஸ்டிரைக்கர் பழுத்து வர இரண்டு ஆண்டு காத்திருந்தால் மற்றவர்களின் இரண்டு ஆண்டு போய்விடும்.

யோக்கெரெஸிடம் எது தப்பாகப் போகலாம்? முதல் கவலை உடல்தகுதி. ஸ்போர்ட்டிங்கின் சீசன் முன்பயிற்சியில் அவர் சேரவே இல்லை, ஆர்சனலில் கையெழுத்திட்டது ஜூலை 26. ஹாங்காங்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடம், பிறகு வில்லாரியல், பில்பாவோ ஆட்டங்கள், அவ்வளவுதான். முழுவேக ஓட்டத்தை நம்பிப் பிழைக்கிறவருக்கு முன்பயிற்சியில் மூன்று வாரம் குறைவது மற்றவர்களுக்குக் குறைவதைவிட ஆபத்து. தனியாக ஓடி மூச்சை வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் களைத்த காலோடு முழுவேகம் எடுப்பதற்குத் தொடைப் பின்தசை பழக, ஆட்ட நிமிடங்களை 45, 60, 75 என்று படிப்படியாக ஏற்றித்தான் ஆக வேண்டும். அட்டவணையோ கருணை காட்டவில்லை. யுனைடெட், லீட்ஸ், ஆன்ஃபீல்டில் லிவர்பூல், பிறகு ஃபாரஸ்ட், மான்செஸ்டர் சிட்டி, நியூகாசில். செப்டம்பர் முடியும்வரை அறுபது அறுபத்தைந்து நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டு ஹாவெர்ட்ஸை இறக்குவதே சரி. கடந்த சீசன் போல 58 ஆட்டங்கள் வந்தால் இவர்கள் இருவரில் யார் முறிந்தாலும் பழைய கதைதான்.

அக்டோபரிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து மாற்றக் கூடாது, ஸ்கோரைப் பார்த்து மாற்ற வேண்டும். நாம் முன்னிலையில் இருந்தால் எதிரணி ஏறி வரும், பின்னால் புல்வெளி திறக்கும், அப்போது யோக்கெரெஸை வெளியே எடுப்பது பெருந்தவறு. பின்தங்கி, கிராஸ் மேல் கிராஸ் போடும் நிலை வந்தால் ஹாவெர்ட்ஸ் உள்ளே வரட்டும். யோக்கெரெஸ் இந்த உயரத்துக்குத் தலையால் அடிக்கும் கோல்கள் குறைவு. பில்பாவோவுக்கு எதிராக அடித்தது தலையால்தான் என்றாலும் ஒரு ஆட்டத்தை வைத்து என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது கவலை இடப்பக்கம். யோக்கெரெஸ் விரும்பும் சந்தும் இடது விங்கர் மார்ட்டினெல்லி ஓடும் பாதையும் ஒன்றே. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே பாய்ந்தால் ஒரே ரைட் பேக் இருவரையும் பார்த்துக்கொள்வார், பாக்ஸின் நடுவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தீர்வு இரண்டு. மார்ட்டினெல்லி ஆடினால் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி அகலமாக நின்று, யோக்கெரெஸ் வெளியே இழுத்ததும் உள்ளே வெட்ட வேண்டும். அல்லது உள்ளே வந்து காலுக்குப் பந்து கேட்கும் டிரோசாரை இறக்க வேண்டும். என் விருப்பம் டிரோசார். லெஃப்ட் பேக்கில் லூயிஸ்-ஸ்கெல்லி ஆடினால் அவர் நடுக்களத்துக்குள் நுழைந்துவிடுவார், அப்போது அகலம் கொடுக்க ஆளே இருக்காது. கலாஃபியோரி மேலே ஏறி ஓடுகிறவர் என்பதால் டிரோசாரோடு அவர் பொருந்துவார்.

லீக் மாறும்போது கோல் குறையும் என்ற பயம் இருவருக்கும் பொது. பென்ஃபிக்காவில் லீக்கில் 26 அடித்த டார்வின் நூனியெஸ் லிவர்பூலின் முதல் சீசனில் 9. லைப்ஸிக்கில் 28 அடித்த டிமோ வெர்னர் செல்சியில் 6. இருவரும் வேகக்காரர்கள், இருவரும் நிலை குலைந்தது ஓட்டத்தில் அல்ல, முடிப்பில். யோக்கெரெஸின் முடிப்பு அவர்களைவிட அமைதியானது என்று நம்புகிறேன். ஆனால் வாரத்துக்கு எட்டு வாய்ப்பு தந்த ஆதிக்க அணியில் வளர்ந்த பழக்கம், மூன்றே வாய்ப்பு கிடைக்கும் ஆட்டத்தில் எப்படி நிற்கும் என்பதை ஆன்ஃபீல்டுக்குப் பிறகுதான் பேச முடியும். 2019-20-இல் ஆபமெயாங் 22 அடித்த பிறகு ஆர்சனலில் எவரும் லீக்கில் இருபதைத் தொடவில்லை. யோக்கெரெஸ் பெனால்டி இல்லாமல் 16 அடித்தாலே எனக்குப் போதும், அவர் இழுத்துச் செல்லும் சென்டர் பேக்குகள் விட்டுப்போகும் இடத்தில் ஓடேகார்டும் சாகாவும் மீதியை அடிப்பார்கள்.

ஓல்டு டிராஃபோர்டில் அவர் கோல் அடிக்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். முதல் இருபது நிமிடத்தில் நாம் பந்தை வென்ற ஒவ்வொரு முறையும் ஓடேகார்டின் இரண்டாவது தொடுதலைப் பாருங்கள். யோக்கெரெஸ் கிளம்பியும் ஓடேகார்ட் நின்று திரும்பி சாகாவிடமே கொடுத்தால், வாங்கிய ஆள் சரி, பழக்கம் இன்னும் மாறவில்லை என்று பொருள். அதைப் பயிற்சியாளர் ஆர்டெட்டா பயிற்சி மைதானத்தில்தான் சரிசெய்ய வேண்டும், லீட்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் அவருக்குக் கிடைப்பது ஐந்தே முழு நாள்.