ஏற்றுமதி ஒப்பந்தத்தைக் காட்ட யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி

பனங்கட்டியும் ஒடியல் மாவும் லண்டனுக்கு அனுப்புகிறோம். அங்குள்ள வியாபாரி அனுப்பிய புது ஒப்பந்தத்தைக் காட்டத்தான் நீதிமன்றத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். விலை, தவணை, தரம் எல்லாம் எங்களுக்கே விளங்கும். கடைசிப் பக்கத்து நடுத்தீர்ப்புப் பந்திக்குத்தான், அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான், ஆள் தேவைப்பட்டது. அந்த ஒரு பந்திக்காகக் காசு செலவழிக்கலாமா என்றால், தாராளமாகச் செலவழிக்கலாம்.

பந்தி சின்னது. ஒப்பந்தத்துக்கு இலங்கைச் சட்டம். தகராறு வந்தால் லண்டனில் நடுத்தீர்ப்பு. நடுவரை வாங்குபவர் நியமிப்பார். சட்டத்தரணி சிவப்புப் பேனையால் முதலில் வட்டம் போட்டது 'லண்டன்' என்ற சொல்லுக்கு. ஒப்பந்தத்துக்குத் தெரிவுசெய்த சட்டமே பொதுவாக நடுத்தீர்ப்பு உடன்பாட்டையும், அதாவது இப்படியான பந்தியையும், ஆளும் என்று 2020இல் எங்கா - சப் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே 2025இல் வந்த நடுத்தீர்ப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. அந்த உடன்பாட்டுக்கென்று தனியாக ஒரு சட்டத்தை வெளிப்படையாக எழுதாவிட்டால், நடுத்தீர்ப்புக்கு இடமாகக் குறித்த நாட்டின் சட்டம்தான். எங்கள் பந்தியில் அது லண்டன் என்பதால் இங்கிலாந்துச் சட்டம். 2025 ஓகஸ்ட் 1 முதல் தொடங்கும் நடுத்தீர்ப்புகளுக்கு இது பொருந்தும், ஒப்பந்தம் அதற்கு முந்தியது என்றாலும். பழைய ஒப்பந்தங்களை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேணும்.

நடுவரை ஒரு தரப்பே நியமிக்கும் வரியை அடியோடு வெட்டச் சொன்னார். அரசு நிறுவன ஒப்பந்தங்களில் இப்படியான ஏற்பாடு சமத்துவ உரிமைக்கு முரண் என்று 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்ததைச் சொல்லிவிட்டு, அது இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் கையோடு சொன்னார். தனக்கு வசதியான தீர்ப்பைப் பெருப்பித்துக் காட்டாத சட்டத்தரணியை நம்பலாம்.

லண்டனுக்குப் பதிலாக அவர் சொன்னது சிங்கப்பூர். அங்குள்ள சர்வதேச நடுத்தீர்ப்பு மையத்தின் 2025 விதிகளில் 10 லட்சம் சிங்கப்பூர் டொலர் வரையான தகராறுகளுக்கு ஒரு சுருக்க நடைமுறை இருக்கிறது. ஒரே நடுவர், பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே விசாரணை, நடுவர் அமர்ந்ததிலிருந்து 3 மாதத்தில் தீர்ப்பு. எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு இது பெரிய காரியம்.

நடுவரே பிழைவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு தீர்ப்பின் அச்சுப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தார். 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடுவர்கள் எழுதிய ஒரு தீர்ப்பின் 451 பந்திகளில் குறைந்தது 212 பந்திகள், அதே தலைமை நடுவர் இருந்த வேறு வழக்குகளின் தீர்ப்புகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. இந்த வழக்கில் எவரும் வைக்காத வாதங்கள்கூட உள்ளே வந்திருந்தன. மற்ற இரண்டு நடுவர்களும் அந்தப் பழைய வழக்குகளில் இருக்கவே இல்லை. நடுத்தீர்ப்பு ரத்தானது சரியே என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கட்டி, மாதக்கணக்காகக் காத்திருக்கிறவனுக்கு, தன் வழக்கை ஒருவர் உட்கார்ந்து யோசித்தார் என்ற உறுதியாவது வேண்டாமா?

குறைகளும் உண்டு. தமிழில் அழகாக விளங்கப்படுத்தியவர், எழுத்தில் தந்த ஆலோசனை முழுக்க ஆங்கிலம். கட்டணத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை இங்கே அமுல்படுத்த வேண்டி வந்தால் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போகவேணும், அதற்கு வேறு சட்டத்தரணி பிடிக்கவேணும் என்றார். அது அவர் குறையில்லை. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் கொழும்பைத்தான் குறிக்கிறது. அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்து வேறு நீதிமன்ற வலயங்களையும் சேர்க்க அதே சட்டம் இடம்வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தையும் சேர்க்கச் சொல்லி எங்கள் வர்த்தகர்கள் கேட்கவேணும்.

போகிறவர்கள் ஒப்பந்தத்தின் இணைப்புகளையும் பழைய ஓடர் மின்னஞ்சல்களையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அவர் எல்லாவற்றையும் வாசிக்கிறார்.