மாரத்தான் ஓடுபவருக்கு மிஞ்சும் இரண்டு மணி நேரம்: யோகாசனமா, எடைப் பயிற்சியா?

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு ஆகஸ்டிலேயே தயாராகத் தொடங்கும் ஒருவருக்கு, அலுவலகமும் வீடும் வாரத்தில் நான்கு நாள் ஓட்டமும் போக, பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். அதை எதற்குக் கொடுப்பது என்று கேட்டால் யோகாசனம் என்பார்கள் சிலர், எடைப் பயிற்சி என்பார்கள் வேறு சிலர். எதையும் யோசிக்காதவர்கள் ஓடி முடித்ததும் காலை நீட்டிப் பத்து நிமிடம் தசைகளை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஓட்டத்துக்குத் துணை என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினாலும், உடலில் அவை செய்யும் வேலை வெவ்வேறு.

காயத்தைத் தடுப்பதுதான் முதல் நோக்கம் என்றால் எடைப் பயிற்சியின் பக்கம் சான்று கனமாக இருக்கிறது. 2014இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளியான, 25 ஆய்வுகளையும் 26,610 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு, வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்ததாகவும், நீட்சிப் பயிற்சியால் அத்தகைய பலன் எதுவும் தென்படவில்லை என்றும் கூறியது. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் கால்பந்து வீரர்களும் ராணுவத்தினரும் அதிகம் என்பதால், அந்த அளவை அப்படியே மாரத்தான் ஓடுபவருக்குப் பொருத்த முடியாது. வேகத்தைப் பொறுத்தவரை ஐயம் குறைவு. ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்னும் ஓட்டச் சிக்கனத்தை, கனமான எடையுடன் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், கெண்டைக்கால் பயிற்சி, குதிப்புப் பயிற்சி ஆகியவை 2 முதல் 8 விழுக்காடு வரை மேம்படுத்தியதாக ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வுகளின் மதிப்பீடு சொல்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிப்பவருக்கு இரண்டு விழுக்காடே கிடைத்தாலும் அது சில நிமிட வேறுபாடு.

யோகாசனத்தை ஓட்டக்காரர்களிடம் சோதித்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவானவை, அளவிலும் சிறியவை. அதைவிட முக்கியமானது, யோகாசனத்தின் பெயரில் பலர் தேடிவரும் நெகிழ்வு ஓட்டத்துக்கு எவ்வளவு தேவை என்ற கேள்வி. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதால்தான் மனிதனால் நெடுந்தூரம் ஓட முடிகிறது. அதற்கு ஓரளவு விறைப்பு வேண்டும். உட்கார்ந்து கால் விரலைத் தொடும் சோதனையில் பின்தங்கிய ஓட்டக்காரர்கள் ஓட்டச் சிக்கனத்தில் முந்தியிருப்பதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆகவே கால்களை நீட்டி உட்கார்ந்து முன்குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொடவில்லை என்று மாரத்தான் ஓடுபவர் வருந்தத் தேவையில்லை.

பிறகு யோகாசனம் எதற்கு? நாற்காலியில் நாள் முழுவதும் மடங்கிக் கிடக்கும் இடுப்பின் முன்பக்கத்தைத் திறக்கவும், ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் தாங்கவும், பயிற்சிச் சுமை ஏறிய வாரங்களில் உடலையும் மனத்தையும் அடக்கித் தூக்கத்துக்கு அனுப்பவும் அது உதவும். இவற்றில் கடைசியானதை எடைப் பயிற்சி தராது. சாதாரண நீட்சிப் பயிற்சியும் அரிதாகவே தரும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாகச் செய்யும் பிராணாயாமம் இதயத் துடிப்பைத் தணிக்கும். ஆனால் அது ஓடும்போது தசைக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. உடல்நலமுள்ள ஒருவரின் ஓட்டத்தில் பெரும்பாலும் வரம்பிடுவது இதயம் செலுத்தும் ரத்தத்தின் அளவுதான், நுரையீரல் அல்ல.

எந்த யோகாசனம் என்ற தேர்வில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மைசூர் அரண்மனையில் கற்பித்து, பின்னர் சென்னையில் குடியேறிய கிருஷ்ணமாச்சாரியாரின் இரு மாணவர்களிடமிருந்து வளர்ந்த முறைகளே இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கின்றன. பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாச முறை, வியர்க்க வியர்க்க ஆசனங்களைத் தொடராகச் செய்வது. முதல் வரிசையில் முன்வளைவுகள் மிகுதி, மரபுப்படி வாரத்தில் ஆறு நாள். ஏற்கெனவே வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் கால்களுக்கு இது ஓய்வாகாது, இன்னொரு சுமைதான். பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் வளர்த்தெடுத்த முறை மரக்கட்டை, துணிப்பட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு ஒவ்வோர் ஆசனத்தையும் நிதானமாக நிறுத்திச் செய்கிறது. விறைத்த உடலோடு வரும் ஓட்டக்காரருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

காரணத்தை ஓர் ஆசனத்தில் பார்க்கலாம். மல்லாந்து படுத்து, பட்டையைப் பாதத்தில் மாட்டி, முழங்கால் மடங்காமல் ஒரு காலை உயர்த்தும் சுப்த பாதாங்குஷ்டாசனத்தில் முதுகு தரையிலேயே இருப்பதால், இழுப்பின் அளவு முழுவதும் கையில் இருக்கிறது. அந்த இழுப்பு தொடையின் நடுவில் தெரிந்தால் சரி. உட்காரும் எலும்பை ஒட்டிச் சுருக்கென்று தெரிந்தால் உடனே தளர்த்த வேண்டும். தொடைப் பின்தசையின் தசைநாண் அங்கேதான் எலும்போடு சேர்கிறது, ஆழ்ந்த முன்வளைவில் எலும்போடு அழுந்துகிறது. அங்கே ஏற்கெனவே நோவு உள்ள ஓட்டக்காரர், நின்றபடி முன்குனியும் உத்தானாசனத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்து அதைச் சரிசெய்ய முயல்வது நோயை வளர்க்கும். எடையைப் படிப்படியாகக் கூட்டும் வலிமைப் பயிற்சியே அதற்கு வழக்கமான சிகிச்சை. பத்மாசனமும் அப்படித்தான்: இடுப்பு திரும்ப மறுத்தால் அந்தத் திருகலை முழங்கால் ஏற்கும்.

நாற்பது டிகிரி வெப்ப அறையில் தொண்ணூறு நிமிடம் செய்யும் பிக்ரம் முறைக்கு வெப்பத்துக்குப் பழக்குவது என்ற நியாயம் குளிர்நாட்டாருக்கு உண்டு. சென்னையில் ஓடுபவர் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. மிதிவண்டியில் நெடுந்தூரம் போகிறவரின் கணக்கு சற்று வேறு: மணிக்கணக்கில் குனிந்திருக்கும் மேல்முதுகுக்கு புஜங்காசனம் போன்ற பின்வளைவுகள் நேரடியாக உதவும். நீச்சல்காரரின் தோள் ஏற்கெனவே தளர்வானது என்றால் அதை இன்னும் இழுக்கக் கூடாது.

ஆக, இரண்டு மணி நேரத்தில் ஒன்றேகால் மணியை எடைப் பயிற்சிக்குக் கொடுத்து இரண்டு நாளாகப் பிரிப்பேன். மீதி முக்கால் மணி யோகாசனத்துக்கு, அதுவும் தனி நீட்சிப் பயிற்சிக்குப் பதிலாக. எடைப் பயிற்சியைக் கடினமான ஓட்டம் இருக்கும் நாளின் மாலையில் வைத்தால் மறுநாள் உண்மையான ஓய்வு கிடைக்கும். யோகாசனத்தை நெடுந்தூர ஓட்டத்துக்கு மறுநாள் மாலையில் வைக்கலாம். ஓடப் போகும் முன் வேண்டாம், ஏனெனில் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பது அதன் வலிமையைத் தற்காலிகமாகக் குறைக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் ஓட்டம் தடைபட்டால் யோகாசனம் அதற்கு ஈடாகாது, சூரிய நமஸ்காரம் தவிர்த்த மெதுவான ஆசனங்களில் உடல் செலவிடும் ஆற்றல் நடையின் அளவுதான். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் கணக்கைத் திருப்பலாம்: எடைப் பயிற்சியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, கடைசி ஐந்து நாட்களில் அறவே விட்டு, அந்த நேரத்தைச் சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கும் விபரீத கரணிக்கும் சவாசனத்துக்கும் கொடுக்கலாம், புதிய ஆசனம் எதையும் அந்த வாரத்தில் முயலக் கூடாது.