பெலேலியூவா, ஒகினாவாவா?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் இந்த இரண்டு தீவுகளிலும் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்க மரீன் காலாட்படை இளைஞர்கள் உண்டு. எது கொடியது என்றால், நான் ஒகினாவா என்பேன்.

பெலேலியூவில் 1944 செப்டம்பர் 15 அன்று கரையேறும்போதே குண்டுமழை. பவளப்பாறையில் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. வெயிலோ 46 டிகிரி செல்சியஸைத் தொட்டது. குடிநீர்கூடச் சரியாகக் கழுவாத எண்ணெய் பீப்பாயில்தான் வந்தது. குடித்தவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. சில நாளில் முடியும் என்றார் தளபதி ரூபர்டஸ். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது.

ஒகினாவா முதலில் ஏமாற்றியது. 1945 ஏப்ரல் 1 அன்று கரையில் எதிர்ப்பே அதிகமில்லை. மே மாதம் ஜப்பானியரின் ஷூரி அரண் வரிசைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. இங்கே குழி தோண்ட மண் இருந்தது, தோண்டியதும் தண்ணீர் நிறைந்தது. அடக்கம் செய்ய முடியாத பிணங்களுக்கு அருகிலேயே சேற்றில் இரவுகள். போதாக்குறைக்கு, குறுக்கே சிக்கிய ஊர்மக்கள். பெலேலியூவில் சுடும்முன் இந்தத் தயக்கம் தேவைப்படவில்லை.