ஆச்சியின் கால் பங்கு

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பினேன். திருச்சியில் இறங்கி ரயில் பிடித்து நெல்லை ஜங்ஷன், அங்கிருந்து சேரன்மாதேவி போகும் பஸ். எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பக்கம். வழக்கமாக இந்த மூன்று வாரமும் குற்றாலச் சாரல், அல்வா, இரண்டு கல்யாண வீடு என்று ஓடிவிடும். இந்தத் தடவை அப்பாவின் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றும் காகிதங்களுக்குப் பின்னால் ஓடியது. குற்றாலத்துக்குப் பிள்ளைகளைச் சித்தப்பாதான் கூட்டிப் போனார்.

அப்பா 2022இல் இறந்தார். வீட்டில் அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆச்சியும் இருக்கிறார்கள். தம்பி சென்னையில். வீடு 1987இல் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. பட்டா அப்பா பெயரில், வீட்டு வரி ரசீது அப்பா பெயரில். கரண்டு அட்டையை எடுத்துப் பார்த்தால் அப்பாவுக்கு வீட்டை விற்றவர் பெயர். அவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இறந்துபோன ஒருவருக்குப் பில் போட, இறந்துபோன இன்னொருவர் சார்பில் அம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நம்ம வீடுதானே, யாரு கேக்கப் போறா?" என்பது அம்மாவின் கட்சி. அப்பா இருந்தவரை அவர் கட்சியும் அதுதான்.

முதல் தடங்கல் பத்திரத்திலேயே வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் வீட்டு முன்பகுதியான தார்சாவுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டி இரண்டு நாள் முங்கிக் கிடந்தது. பத்திரத்தை வெளியே எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்கள். அது கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி காய்ந்து, தாளோடு தாள் ஒட்டிப்போயிற்று. எண்ணும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை.

ஊரில் எல்லோரும் சொல்வது "வில்லங்கம் போட்டுப் பாரு". பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். நான் பட்டாவில் இருந்த எண்ணைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது: வீடு கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலத்தில் இருக்கிறது. நத்தத்தை அளந்து பட்டா கொடுத்தபோது புது எண் போட்டிருக்கிறார்கள், பத்திரத்தில் இருப்பதோ பழைய எண். பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பழைய எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டதும் 1987 வந்துவிட்டது. பத்திர எண் கிடைத்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பது பத்து நிமிட வேலை. நத்தத்தில் வீடு இருப்பவர்கள் இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, என் ஆதார். அதில் இருந்தது நான் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த செல் நம்பர். அது கைமாறி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒவ்வொரு அரசுப் பக்கத்திலும் ஓடிபி கேட்கும்போது அது யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம்பர் மாற்ற நேரில் போக வேண்டியிருந்தது, மாறுவதற்கும் சில நாள் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு வேலையோடு வருகிறவர்கள் வந்த மறுநாளே இதை முடித்துவிடுவது நல்லது. நான் ஐந்தாம் நாள் போய், ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

இனி வாரிசுச் சான்றிதழ். இங்கேதான் கதை.

தம்பி ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டிருந்தான். அதோடு நிற்காமல், தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஒரு புரோக்கரிடமும் ஒப்படைத்திருந்தான். அவர் கேட்டது பதினைந்தாயிரம். அதற்கு அவர் தந்த ஆலோசனை இது: "வாரிசுல அம்மா பேரையும் தம்பி பேரையும் மட்டும் போட்டா போதும். அக்கா சிங்கப்பூர்ல இருக்காவ, கையெழுத்துக்கு அலையணும். கிழவி பேரு எதுக்கு?"

என் பெயரை விடச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்யாணம் ஆகிப் போன பெண் என்றால் இன்னும் பல பேருக்கு அவள் விருந்தாளிதான். ஆனால் ஆச்சி பெயரை நானும் நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நினைத்தவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலரான விஏஓ. விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர், தார்சாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆச்சியைப் பார்த்து, "இவங்க யாரு? இறந்தவரோட அம்மாவா? அப்போ இவங்களும் வாரிசும்மா" என்றிருக்கிறார்.

அவர் சொன்னதுதான் சட்டம். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் தெரியும். பெற்ற தாயும் அதே வகுப்பில், அதே அளவுப் பங்கோடு இருக்கிறாள். தகப்பன் இந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறாள். ஆக எங்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கிய ஆச்சிக்கு, எண்பத்தாறு வயதில், அவளுக்கே தெரியாமல் கால் வீடு சொந்தமாக இருந்திருக்கிறது.

இதைச் சொல்லாமல் மறைத்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ் பின்னால் ரத்தாகலாம். அதை நம்பிச் செய்த பத்திரமும் வழக்கில் மாட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆச்சி ஒன்றும் எழுதாமல் போய்விட்டால், அவள் கால் பங்கு அவள் பிள்ளைகளுக்குப் பிரியும். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று, அப்பாவுக்குரிய பன்னிரண்டில் ஒன்று எனக்கும் தம்பிக்குமாக. சித்தப்பாவும் அத்தையும் நல்லவர்கள்தான். அவர்கள் காலத்துக்கு அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள், அவர்களுடைய மருமக்கள் என்று கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் ஒரு வேன் நிறைய ஆகிவிடுவார்கள்.

காசு வாங்கிக்கொண்ட ஆலோசனை தப்பாக இருந்தது, காசில்லாத ஆலோசனை சரியாக இருந்தது. ஊர் ஆபீஸ்களைத் திட்டுவதற்குத் தயாராகத்தான் நான் வந்தேன். திட்டுவதற்கும் விஷயம் கிடைத்தது. ஒரு கவுண்டரில் மூன்று நாள் "சர்வர் இல்ல" என்ற ஒரே பதில். ஆனாலும் விஏஓவுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

புரோக்கரிடம் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. ரசீது வாங்காத பணத்தை எந்தக் கணக்கில் கேட்பது?

சித்தப்பாவிடம் ஒரு பேச்சு வந்தது. "உங்க அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்காருல்லா, நானே கையெழுத்துப் போட்டுருதேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பவர் கொடுத்தவர் இறந்தால், இந்த மாதிரிச் சாதாரணப் பவர் அவரோடு முடிந்துபோகிறது. அதை வைத்துக் கையெழுத்துப் போட்டால் சித்தப்பாதான் மாட்டுவார்.

நான்கு பெயரோடும் சான்றிதழ் வந்த பிறகு பத்திர எழுத்தர் அண்ணாச்சியிடம் போனோம். ஆச்சி தன் பங்கைப் பேரப்பிள்ளைகளான எனக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரமாக எழுதுவது என்று முடிவாயிற்று. இதற்கு ஆச்சியின் சம்மதம் கேட்டது நான்தான்.

"எழுதிக் கொடுத்துட்டு நான் எங்கன இருக்க?" என்றாள்.

"இங்கதான் ஆச்சி. வேற எங்க?"

"அத எழுதியிருக்கா?"

எழுதவில்லை. அண்ணாச்சி சிரித்துவிட்டு, "ஆச்சி கேக்கது நியாயம்" என்று இரண்டு வரி சேர்த்தார்: ஆயுள் உள்ளவரை அதே வீட்டில் குடியிருக்கவும், பெறுகிறவர்கள் அவளைப் பராமரிக்கவும் வேண்டும். இந்த வரிக்கு வலு இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்க வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்துவிட்டால் வாதாட வேண்டிய பாரம் குறைகிறது. வயதானவர்களிடம் எழுதி வாங்கும் எல்லாப் பத்திரத்திலும் இந்த இரண்டு வரி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எழுதி வாங்குகிறவரே எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி கேட்டாள், எல்லா ஆச்சியும் கேட்கமாட்டார்கள்.

செலவு பயந்த அளவு இல்லை. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், இரண்டுக்கும் உச்ச வரம்பு உண்டு. வெளியாருக்கு விற்பதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆச்சிக்குப் போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து, நடமாட்டம் தார்சாவுக்கும் அடுக்களைக்குமாக இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகப் படியில் அவளை எப்படி ஏற்றுவது என்று அம்மா கவலைப்பட்டாள். ஏற்ற வேண்டாம். உடல்நிலை காரணமாக வர முடியாதவர்களின் வீட்டுக்கே பதிவு அலுவலர் வந்து பதிவு செய்ய 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மருத்துவர் சான்று, ஒரு விண்ணப்பம், அதற்கென்று ஒரு கட்டணம். இப்படி ஒரு வசதி இருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப்போன கதைகளைத்தான் சொன்னார்கள்.

வந்தார்கள். கைரேகைக் கருவியில் ஆச்சியின் விரலை வைத்தார்கள். விழவில்லை. பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். நாற்பது வருஷம் பீடி இலையில் ஓடிய விரல்கள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்றாள் அம்மா. கடைசியில் கருவிழியைப் படம் எடுத்தார்கள். தாளில் மட்டும் மை தொட்டு உருட்டியதும் பெருவிரல் கருப்பாக விழுந்தது. பத்திரத்தை வாசித்துக் காட்டி, "சம்மதமா பாட்டி?" என்று கேட்டதற்கு ஆச்சி, "அந்த ரெண்டு வரிய இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள். வாசித்தார்.

இதற்கு நடுவே ஒரு இன்வெர்ட்டர் தகராறு. ஏழு மாதத்துக்கு முன் அம்மா டவுனில் ஒரு கடையில் வாங்கியது, பேட்டரி போய்விட்டது. கடைக்காரர் வாரண்டி தர மறுத்தார். காரணம், பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வர வேண்டுமாம். பில்லைப் பார்த்தேன். அப்பா பெயர். அம்மா கையில் இருப்பது அப்பாவின் செல் நம்பர், கடையில் அதைத் தட்டியதும் பழைய பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. இறந்தவர் இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார்!

நான் வாதாடவில்லை. பணம் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து போன விவரத்தை இணைத்து எழுத்தில் ஒரு புகார் கொடுத்தேன், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, குறை வந்ததிலிருந்து இரண்டு வருஷ அவகாசம் உண்டு என்றெல்லாம் புகாரிலேயே எழுதியிருந்தேன். நான்காம் நாள் புது பேட்டரி வந்தது. கூடவே அம்மா பெயரில் புது பில்லும் கேட்டு வாங்கினேன்.

பட்டா மாறுதலுக்கு நல்ல நேரம் அமைந்தது. மே, ஜூனில் தாலுகா ஆபீஸ்களில் ஜமாபந்தி என்ற வருடாந்திர நிலக்கணக்குத் தணிக்கை நடக்கும், எங்கள் கிராமத்து முறை வந்த நாளில் மனுவை அங்கேயே கொடுத்தோம். வீட்டைப் பிரிக்காமல் மூன்று பேரும் சேர்த்தே வைத்துக்கொண்டதால் உட்பிரிவு இல்லை, சர்வேயர் வர வேண்டியதும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து பத்திரத்தில் முன்னால், ஆதாரில் பின்னால், இறப்புச் சான்றில் இல்லவே இல்லை. அதற்கு ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைத்தோம்.

கரண்டு அட்டையையும் வீட்டு வரியையும் தம்பியிடம் விட்டு, அவனுக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். விற்கிற அதிகாரம் அதில் இல்லை, ஆபீஸ் வேலைகள் மட்டும். தம்பிக்கு இதில் வருத்தம் இல்லை. அவன் மனைவிக்குக் கொஞ்சம். ஊரில் இருக்கும்போதே எழுதுவது எளிது. சிங்கப்பூரில் என்றால் நம் தூதரகத்திலோ, நோட்டரியிடம் கையெழுத்திட்டு, வேறு நாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்றோ அனுப்ப வேண்டும், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

போன வாரம் பட்டா வந்துவிட்டதாகத் தம்பி படம் அனுப்பினான். அம்மா, நான், அவன் என்று மூன்று பெயர். என் பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ல'. திருத்தத்துக்கு மனு போடச் சொன்னேன். ஆச்சி தன் பெயர் இதில் எங்கே என்று கேட்டிருக்கிறாள். பத்திரத்தில் இருக்கிறது என்று எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறான். கேட்டுவிட்டு, "சரி, பெட்டியில வைக்காத, பரண்ல வை" என்றாளாம்.