பண்டாரவன்னியன் மார்பளவுச் சிலைக்கு முற்பணம் கட்ட முன் இதை வாசியுங்கள்

அப்பா ஒட்டுசுட்டான் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் கற்சிலைமடுவுக்குச் சைக்கிளில் போய் அந்தக் கல்லைப் பார்த்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 1803 ஓகஸ்ட்டில் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவர்களின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் நட்டு வைத்த கல். அப்பா ஓய்வுபெறும் நாளுக்கு அந்த வீரனையே மேசையில் வைக்கும் அளவில் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன்.

முகநூலில் ஒருவர் கிடைத்தார். ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கில், முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் அச்சடித்து, நாங்கள் கேட்கிறபடி மாற்றி, நிறமும் தீட்டித் தருவாராம். அவர் அனுப்பிய மாதிரிப் படங்கள் அவ்வளவு அழகு. பத்தில் ஒரு பங்கு அளவில் கண் ஒன்று கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் கருவிழியும் ஒளிப்புள்ளியும் தெரிந்தன. தலைப்பாகை, முறுக்கு மீசை, தோளில் சால்வை, இரும்புக் கவசம் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 18,000 ரூபா பேசி 12,000 ரூபாவை வங்கியில் போட்டேன்.

இரண்டு கிழமை என்றவர் இரண்டரை மாதம் இழுத்தார். மிச்சக் காசும் போனபிறகுதான் பார்சல் வந்தது. பிரித்தால், உரோமப் போர்வீரனின் பட்டி பட்டியான மார்புக்கவசம்! தலைக்கவசத்தை வெட்டிவிட்டு அதில் பிசைந்து ஒட்டும் புட்டிப் பசையை உருட்டித் தலைப்பாகையாக ஒட்டியிருந்தார். கன்னத்தில், படை படையாக அச்சடிக்கும்போது விழும் படிவரிகள் அப்படியே. நிறம் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் பூச்சை அடிக்காமல் பளபளக்கும் எனாமலைப் பூசியதால் விரல் பட்ட இடமெல்லாம் உரிந்தது. அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆரப்பன்?" என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் பயம். மூன்றாம் கிழமை கழுத்தடி வெடித்துப் பிசுபிசு என்று ஒரு திரவம் வடிந்தது. ரெசின் சிலையை உள்ளே கூடாக அச்சடித்தால் அடியில் துளை விட்டு, உள்ளே தேங்கும் ரெசினை வடித்து, அல்ககோலில் கழுவி, புறஊதா ஒளியில் இறுக வைக்க வேண்டும். இவர் துளையே விடவில்லை. இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரும். வீட்டில் என் மகளுக்கு நாலு வயது.

அவரிடம் கேட்டால், "நீங்கள் வெய்யிலில் வைத்திருப்பீர்கள்" என்றார். அடுத்த நாள் என்னை புளொக் செய்துவிட்டார். அந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் வேலையாம்.

யாரிடம் செய்வித்தாலும், நிறம் தீட்ட முன் உங்கள் பெயரும் திகதியும் எழுதிய கடதாசியைப் பக்கத்தில் வைத்து வெறும் சிலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தையும் கேளுங்கள், துளை தெரியும். அதைப் பார்க்கும்வரை பாதிக்கு மேல் காசு போடாதீர்கள். சாம்பல் பிரைமர் அடித்த படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். படிவரி இருந்தால் அதில்தான் வடிவாகத் தெரியும்.

ஏற்கெனவே வாங்கி ஒட்டும் பிசுபிசுப்போ கடும் மணமோ இருந்தால் கையுறை போட்டுத் தூக்குங்கள். கிணற்றடியில் கழுவ வேண்டாம், அந்தத் தண்ணீர் குளத்துக்குப் போனால் மீனுக்கும் கூடாது. துடைத்த துணியைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் நல்ல வெய்யிலில் இறுக விட்டுப் பிறகு எறியுங்கள். உரஞ்சுவதானால் முகக்கவசம் போட்டு ஈரமாக உரஞ்சுங்கள்.

என்னுடையது இப்போது பின் விறாந்தையில் தகர டப்பாவுக்குள் கிடக்கிறது. கற்சிலைமடுக் கதையை அப்பா திரும்பவும் சொன்னார். ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன், அடுத்ததைச் செய்பவருக்கு முதலில் அதைத்தான் அனுப்பப் போகிறேன்.